நம்பர் முந்நூற்றுப் பதினேழு

இரவு பதினொன்று பத்து. ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் செங்குத்தாக வெட்டிய பாறை. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. கடைசி பஸ் ஆட்களை ஒரு முனையில் உதறிவிட்டுத் திரும்பிப் போய்விடும். மறுமுனையில் குவார்ட்டர்ஸ். அந்த நேரத்தில், அந்த ரோட்டில், ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள்...

டார்ச்சை அணை முதலில், டிரைவர். கதை வேண்டும் என்று கேட்டதும் நீதான், மூஞ்சியில் வெளிச்சம் அடிப்பதும் நீதான். மழை விடாது, கரண்டும் வராது. விடியும்வரை இந்தத் தகரக் கொட்டகையை விட்டு யாரும் எங்கும் போகப்போவதில்லை. நெருங்கி உட்காருங்கள். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என் கூட்டாளி ஒருவனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. கூட்டாளி வாயாலேயே கேட்டேன். அவன் பொய் சொல்லத் தெரியாத ஆள். தெரிந்திருந்தால் எப்போதோ உருப்பட்டிருப்பான்.

அந்த ரோட்டில் ஆறு கேமரா. ஆறும் ஏணி ஏறி என் கையால் மாட்டியவை. நாலாம் கேமராவுக்கும் ஐந்தாம் கேமராவுக்கும் நடுவில் ரோடு பாறையைச் சுற்றி ஒரு வளைவு போடும். அறுபது தப்படி இருக்கும். அந்த அறுபது தப்படி எந்தக் கேமராவுக்கும் தெரியாது. அங்கே ஒன்று வேண்டும் என்று நான் அப்போதே சொன்னேன். ஆறுதான் வந்திருக்கிறது, இருப்பதை மாட்டு என்றார்கள். மாட்டினேன்.

நடந்து வருகிற பெண் கூட்டாளியின் அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டுக்காரருக்கு இந்தக் கேமராக்களைப் பார்க்கிற, குவார்ட்டர்ஸ் கேட்டை ஒட்டிய கண்ட்ரோல் ரூமில் இரவு ஷிப்ட், கூட்டாளிக்கு அங்கேயே பகல் ஷிப்ட். அவரை அவன் அத்தான் என்பான், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. ராத்திரியில் அப்பாவோடு கண்ட்ரோல் ரூம் பெஞ்சிலேயே தூங்கிவிடும்.

இந்தக் கேமரா சும்மா படம் பிடிப்பதோடு நிற்காது. படத்தில் ஆள் தெரிந்தால் சுற்றிலும் பச்சைக் கட்டம் போடும். ஆள் நடக்க நடக்கக் கட்டமும் கூடவே நடக்கும். கட்டத்தின் தலையில் ஒரு நம்பர். அன்றைக்கு அந்த ரோட்டில் தென்பட்ட முந்நூற்றுப் பதினேழாவது ஆள் என்றால் முந்நூற்றுப் பதினேழு. அடுத்த கேமராவில் தெரிந்தாலும் அதே உருவம், அதே நடை என்று பார்த்து அதே நம்பரையே கொடுக்கும். ராத்திரி பன்னிரண்டு அடித்தால் எல்லா நம்பரையும் துடைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆள் ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டால்? உடனே விட்டுவிடாது. இந்த வேகத்தில் போனாள், இந்தத் திசையில் போனாள், இப்போது இங்கேதான் இருக்க வேண்டும் என்று அதுவாக ஊகித்து, புள்ளிக்கோட்டால் ஒரு கட்டம் வரைந்து நகர்த்திக்கொண்டு போகும். மூன்று வினாடி. அதற்குள் ஆள் வெளியே வந்தால் கோடு மறுபடி முழுசாகும், அதே நம்பர். வராவிட்டால் கைகழுவிவிடும். இவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

தினமும் பதினொன்று பத்துக்கு ஒன்றாம் கேமராவில் அக்காவுக்குக் கட்டம் விழும். அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். மூன்றாம் கேமராவுக்குக் கீழே வரும்போது அவள் நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாள். முழித்துக்கொண்டிருக்கிறீர்களா, தூங்கிவிட்டீர்களா என்று கேள்வி. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துகொண்டு இவரும் கையைத் தூக்குவார். ஆறாம் கேமரா குவார்ட்டர்ஸ் கேட்டில். அதில் அவள் தெரிந்ததும் எழுந்து போய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ணுவார். என் வீட்டில் நான் வந்து நின்றால் கதவைத் திறப்பதற்கே இரண்டு தடவை கத்த வேண்டும். அப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கும் வந்தாள். முந்நூற்றுப் பதினேழு. மூன்றாம் கேமராவில் கையைத் தூக்கினாள். நாலாம் கேமராவுக்கு வரும்போது பெஞ்சிலிருந்து குழந்தை, "அப்பா, தண்ணி" என்றது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதான் ஆயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்தார். நாலில் ஆள் இல்லை. சரி, வளைவில் இருக்கிறாள். ஐந்தைப் பார்த்தார்.

ஐந்து காலியாக இருந்தது.

ஒரு நிமிடம் பார்த்தார். இரண்டு நிமிடம்... செருப்புக்கூடப் போடாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். வளைவில் யாரும் இல்லை. தண்ணீர் அசையவில்லை. கரையில் சறுக்கிய தடம் இல்லை. ஆனால் அந்த அறுபது தப்படியிலும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை நின்றது. அவள் கையில் எப்போதும் இருக்கும் வாசனை. வந்திருக்கிறாள், இங்கேதான் நின்றிருக்கிறாள்... ஆள்தான் இல்லை.

எட்டு நாள் தேடினார்கள். படகு போட்டார்கள், ஆட்களை முக்குளிக்க விட்டார்கள். ஒரு செருப்பு, ஒரு பை, ஒரு துணி, ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் படகைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அத்தான் அழவில்லை. அந்த இரவின் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் கேமராவின் ஓரத்தில் அவள் மறைகிறாள். கோடு புள்ளியாகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. கட்டம் அணைந்துபோகிறது.

"மூணே செகண்டு மாப்ள," என்றார் கூட்டாளியிடம். "மூணே செகண்டுல அவளை விட்டுடுச்சு."

"அது மெஷின் அத்தான். அதுக்கு என்ன தெரியும்?"

"நானும் அப்படித்தான எந்திரிச்சுப் போனேன்?"

கூட்டாளி கை நீட்டிப் பதிவை நிறுத்தினான், அவர் மறுபடி போட்டார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி அத்தான் ஒரு காரியம் செய்தார். ஆபரேட்டர் வேலை பார்க்கிறவனுக்குத்தான் இது தோன்றும். நீங்களும் நானும் என்றால் ஜோசியரிடம் ஓடியிருப்போம். அவர் மெஷினின் செட்டிங்கைத் திறந்தார். ராத்திரி நம்பரைத் துடைப்பதை நிறுத்தினார். மறைந்த ஆளுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் மூன்று வினாடியை அழித்துவிட்டு, எல்லையே இல்லை என்று வைத்தார். பழைய பதிவிலிருந்து முந்நூற்றுப் பதினேழை எடுத்து மறுபடி உயிரோடு இருக்கிற நம்பர்களின் பட்டியலில் போட்டார். விடாதே, அவள் வரும்வரை விடாதே என்று மெஷினுக்குச் சொன்னார்.

மறுநாள் இரவு பதினொன்று பத்து...

நாலாம் கேமராவின் ஓரத்தில் ஒரு புள்ளிக்கட்டம். ஒரு பெண்ணின் உயரம். உள்ளே யாரும் இல்லை. ரோடுதான் தெரிந்தது. தலையில் முந்நூற்றுப் பதினேழு.

அது வளைவுக்குள் போயிற்று. மறுநாள் ராத்திரி ஐந்தாம் கேமராவில் வந்தது. அவள் நடக்கிற அதே வேகம். அத்தான் அப்போதுதான் முதன்முதலாக அழுதார். கூட்டாளியைப் போன் பண்ணிக் கூப்பிட்டார். "வந்துக்கிட்டிருக்காடா, உங்க அக்கா வந்துக்கிட்டிருக்கா!"

கூட்டாளி வந்து பார்த்தான். அக்கா நடை மாதிரியேதான் இருந்தது. ஆனாலும் சொன்னான். "அத்தான், இது ஊகம். கடைசியா போன வேகத்தை வெச்சு மெஷினே வரையுது. உள்ள ஆள் கிடையாது."

"சரி, ஊகம்தான். பார்த்துக்கிட்டே இரு."

மூன்றாம் ராத்திரி இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளிக்கட்டம் ஐந்தைத் தாண்டி ஆறாம் கேமராவுக்கு வந்தது. குவார்ட்டர்ஸ் கேட். கேட்டுக்கு முன்னால் வந்ததும்... நின்றது.

கூட்டாளி அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தான். ஏனென்றால் ஊகம் நிற்காது. கடைசி வேகத்தில் போய்க்கொண்டே இருப்பதுதான் அதற்குத் தெரியும். சுவர் வந்தாலும் சுவருக்குள் நடந்து போகும். நிற்க வேண்டும் என்றால் உள்ளே யாராவது இருந்து நின்றால்தான் உண்டு.

விடியும்வரை நின்றது. அத்தான் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். அது உள்ளே வரவில்லை. கேட்டைத் தாண்டினால் கேமரா கிடையாது.

என்ன டிரைவர், உதட்டைப் பிதுக்குகிறாய்?

"மெஷின் கோளாறுண்ணே இது. செட்டிங்கைப் பழையபடி மாத்தி வெச்சா சரியாயிடும்."

கூட்டாளியும் உன்னைப் போல அறிவாளிதான். பகல் ஷிப்டில் போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தச் செட்டிங்கைத் திறந்தான். அங்கே ஏற்கெனவே மூன்று வினாடி என்றுதான் இருந்தது, ராத்திரி நம்பரைத் துடைப்பதும் பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. பழையபடி மாற்றியது நான் இல்லை என்று அத்தான் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மூன்று வினாடிதான் காத்திருக்க வேண்டும். மூன்று இரவாக மெஷின் விடவில்லை. பட்டியலுக்குப் போய் நம்பரை அழிக்கலாம் என்று விரலை வைத்தான். அது அவன் அக்கா. அவனைத் தூக்கி வளர்த்தவள். கை வரவில்லை.

அன்றைக்கே அழித்திருந்தால் வாட்ச்மேன் பிழைத்திருப்பார்.

கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. ராத்திரி முழுக்க வாய் ஓயாமல் எதையாவது பாடிக்கொண்டே ரோந்து சுற்றுவார். கேட்டிலிருந்து இடது பக்கம் பம்ப் ரூம்வரை போய்த் திரும்புவது அவர் வழக்கம். நாலாம் இரவு ஒன்றரை மணிக்குப் பாடிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு கட்டம், நம்பர் இரண்டு. புள்ளிக்கட்டம் நிற்கிற இடத்தை அவர் கடந்தார். இரண்டு கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

இந்த மெஷினில் ஒரு குறை உண்டு, இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். காணாமல்போன ஆளை ஊகிக்கிற இடத்தில் வேறொரு ஆள் வந்தால், அவர்தான் இவர் என்று எண்ணிக்கொண்டு பழைய நம்பரைப் புது ஆள் தலையில் கட்டிவிடும். தினமும் நடக்கிற தப்பு. திரையில் மட்டும் நடக்கிற தப்பு.

புள்ளிக்கோடு முழுக்கோடு ஆயிற்று. வாட்ச்மேன் தலையில் முந்நூற்றுப் பதினேழு.

ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்த பாட்டு பாதி அடியில் நின்றது. வாட்ச்மேன் இடது பக்கம் போகவில்லை. வலது பக்கம் திரும்பினார். ஏரிக்கரை ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். சற்றுக் கால் அகட்டி நடக்கிற மனிதர், இப்போது கிட்டக் கிட்ட அடி வைத்து நடந்தார். ஐந்தாம் கேமராவுக்குக் கீழே வந்தபோது நிமிராமல் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அத்தானும் கூட்டாளியும் கத்திக்கொண்டு ஓடினார்கள். வளைவில் யாரும் இல்லை. ஸ்பிரிட் வாசனை மட்டும் நின்றது.

வாட்ச்மேன் சம்பளம் பற்றவில்லை என்று ஓடிவிட்டார் என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த இரவு பதினொன்று பத்துக்குப் புள்ளிக்கட்டம் மறுபடி வந்தது. கேட்டில் நின்றது.

"அழிச்சிடலாம் அத்தான்," என்றான் கூட்டாளி.

"அவ என்ன செய்வா மாப்ள? உடம்பு இல்லாம வாசல்ல நிக்கிறா. யாரையாவது பிடிச்சுக்கிட்டாவது வீட்டுக்கு வரப் பார்க்குறா. வழி தெரியாம மறுபடி அங்கயே போயிடுறா."

"அந்த ஆளுக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்க."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அழிக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டுப் பக்கம் ராத்திரியில் யாரும் போகாமல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு வைத்தார். ராத்திரியில்தானே வருகிறது என்று நினைத்தார்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் ஆறு மணி. மழை இருட்டு. பகல் ஷிப்ட் முடிந்து கூட்டாளி பையை எடுக்கிறான், இரவு ஷிப்டுக்கு அத்தான் உள்ளே வருகிறார். ஆறாம் கேமராவில் ஸ்கூல் வேன் வந்து நின்றது. பாப்பா இறங்கினாள். கேட்டுக்கு முன்னால் நின்று குடையை விரிக்கப் பார்த்தாள், குடை மக்கர் பண்ணிற்று. அவளுக்குக் கட்டம், நம்பர் இருநூற்று நாற்பது.

அவளுக்குப் பின்னால், பத்தடி தள்ளி, புள்ளிக்கட்டம் நின்றது.

அது நகர்ந்தது. குழந்தை பக்கமாக நகர்ந்தது. ஒரு தப்படி... இன்னொரு தப்படி...

அத்தான் மைக்கைப் பிடுங்கி, "பாப்பா, ஓடி வா, உள்ள ஓடி வா" என்று அலறினார். கேட் ஸ்பீக்கரில் அப்பா குரலைக் கேட்டுக் குழந்தை குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. குடை கிடந்த இடத்தில் புள்ளிக்கட்டம் வந்து நின்றது. அதன் உயரம் மெல்லக் குறைந்தது. யாரோ குனிந்து குடையைப் பார்ப்பது போல.

குழந்தை உள்ளே வந்து அப்பா இடுப்பைக் கட்டிக்கொண்டது. அத்தான் அரை மணி நேரம் அவளை மடியை விட்டு இறக்கவில்லை. அப்புறம்தான் சொன்னார்.

"இன்னிக்கு ராத்திரி அழிச்சிடலாம். ஆனா சும்மா அழிக்க என்னால முடியாது. நான் கேட்டுக்குப் போறேன். அந்த நம்பர் என் மேல விழட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"கேளு. அஞ்சாவது கேமரா வரைக்கும் அவளோட நடந்துட்டு வரேன். அன்னிக்கு கடைசி வரைக்கும் பார்க்காம எந்திரிச்சுட்டேன். இன்னிக்குக் கொண்டுபோய் விடுறேன். அஞ்சாவது கேமரா வந்ததும் நீ அழிச்சிடு. அவ போயிடுவா, நான் திரும்பி வந்துடுவேன்."

"திரும்பலைன்னா?"

"நீ இருக்கியே. நீ விடுவியா?"

எப்படி அழிப்பது என்று இரண்டு பேரும் ஒத்திகை பார்த்துக்கொண்டார்கள். கட்டத்தைத் தொட்டால் இரண்டு பட்டன் வரும். ஒன்று, நம்பரை மட்டும் நீக்குவது. மாதத்துக்கு ஒரு தடவை அழுத்தினால் அதிகம். இன்னொன்றை நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பார்கள். தார்ப்பாய் காற்றில் ஆடினாலும், போஸ்ட் நிழல் விழுந்தாலும் மெஷின் ஆள் என்று கட்டம் போட்டுவிடும். உடனே அந்தக் கட்டத்தைத் தொட்டு 'ஆள் இல்லை' என்ற பட்டனை அழுத்துவார்கள். அதற்கப்புறம் மெஷின் அந்த உருவத்தைச் சட்டை செய்யாது. ஏழு வருடமாகக் கூட்டாளி ஒரு நாளைக்கு நூறு தடவை அதை அழுத்தியவன்.

"மேல இருக்குற பட்டன். நம்பர் மட்டும்," என்றார் அத்தான்.

"தெரியும் அத்தான்."

பாப்பாவை வீட்டில் தூங்க வைத்து வெளியே பூட்டினார்கள். பதினொன்று பத்து. புள்ளிக்கட்டம் கேட்டில் நின்றது. அத்தான் சட்டையை மாற்றித் தலைசீவிக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அந்த மனிதர் தலைசீவவில்லையாம்.

திரையில் அவர் கட்டம், நம்பர் இருநூற்று எண்பது. புள்ளிக்கட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். ஏதோ பேசினார். அந்தக் கேமராவில் குரல் கேட்காது. புள்ளிக்கட்டம் அவர் மேல் சாய்ந்தது. இருநூற்று எண்பது அணைந்தது. முந்நூற்றுப் பதினேழு.

நடந்தார். அவசரமில்லாமல் நடந்தார். வலது கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, அதில் யாரோ கோத்துக்கொண்டது மாதிரி வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்துக் கூட்டாளி பார்த்து நாளாயிற்று.

ஐந்தாம் கேமரா வந்தது.

கூட்டாளி அழுத்தவில்லை. இன்னும் இரண்டு தப்படி என்று நினைத்தான். அவனுக்கும் அவள் அக்கா இல்லையா? இதுதான் கடைசி. இன்னும் ஒரே ஒரு தப்படி... கண் நிறைந்து திரை கலங்கிற்று. துடைத்துவிட்டுப் பார்த்தால் அத்தான் படத்தின் ஓரத்தில் இருக்கிறார். ஒரு கால் வளைவுக்குள் போய்விட்டது. பாதி முதுகுதான் தெரிகிறது.

கட்டத்தைத் தொட்டான். விரல் அடித்தது.

ஏழு வருடப் பழக்கம் அடித்தது. 'ஆள் இல்லை.'

கட்டம் அணைந்தது. அத்தான் அங்கேயே நின்றார். யாரோ தோளைத் தட்டி எழுப்பியது போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். திரும்பி நடந்து வந்தார். ஐந்தாம் கேமராவில் நன்றாகத் தெரிந்தார், சட்டைப் பட்டன்கூடத் தெரிந்தது. மெஷின் அவருக்குக் கட்டம் போடவில்லை. ஆறாம் கேமராவில் வந்தார். அதுவும் போடவில்லை. ரோட்டோர மஞ்சள் விளக்கு ஆளைக் கண்டால் மின்னும், அதுவும் மின்னவில்லை. கூட்டாளிக்கு அதெல்லாம் அப்போது பெரிதாகப் படவில்லை. ஆள் பிழைத்து வந்துவிட்டார், அது போதும். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டான். உடம்பு ஜில்லென்று இருந்தது, ஆனால் உடம்பு இருந்தது.

"போயிட்டா மாப்ள," என்றார் அத்தான். "கையை உருவிக்கிட்டுப் போயிட்டா."

இரண்டு பேரும் அழுதார்கள். முந்நூற்றுப் பதினேழு அதற்கப்புறம் வரவே இல்லை. விடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார்கள். பாப்பா எழுந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, அப்பா வரலையா?"

அத்தான் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். குனிந்து அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "பாப்பா, இங்க பாரு, இங்க பாரு" என்றார். குழந்தை அவர் முகம் இருந்த இடத்தின் வழியாக ரோட்டைப் பார்த்தது.

"எங்க மாமா அப்பா? அம்மாவைத் தேடிப் போயிட்டாரா?"

அவர் தூக்கப் போனார். குழந்தை எழுந்து அவருக்குள் நடந்து கூட்டாளியிடம் போயிற்று.

யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸில் தெரியவில்லை, பக்கத்து வீட்டில் தெரியவில்லை. மனைவி போன துக்கத்தில் அவரும் ஏரியில் விழுந்துவிட்டார் என்று மறுபடி படகு போட்டுத் தேடினார்கள். கரையில் நின்று, "நான் இங்க இருக்கேன்" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டது பட்டனை அழுத்தியவன் ஒருவன்தான்.

ஏழு வருடம் ஆகிறது. பாப்பாவுக்குப் பதினாலு வயது. கூட்டாளிதான் வளர்க்கிறான், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அத்தான் அதே வீட்டில் இருக்கிறார். அதே சட்டை. பசிக்கிறது என்பார், தட்டில் வைத்தால் ஒரு பருக்கை குறையாது. ராத்திரியில் எழுப்புவார். "மாப்ள, பாப்பா முனகுறா, நெத்தியைத் தொட்டுப் பாரு." இவன் போய்த் தொட்டுப் பார்ப்பான், காய்ச்சல் கொதிக்கும். கணக்குப் பாடத்தில் அவள் தப்புப் போட்டால் அவர் சொல்ல, இவன் திருத்துவான். மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு தடவை அவளிடம் உண்மையைச் சொன்னான். பத்து வயது அப்போது. அப்பா உன் பக்கத்தில்தான் இருக்கிறார் என்றான். அவள் வெறி பிடித்த மாதிரி அழுது, ஒரு மாதம் இவனோடு பேசவில்லை. இனிமேல் சொல்லாதே என்று அத்தானே சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம், இவருக்காவது தெரிகிறதா என்று பார்க்க.

போன மாதம் நான் போயிருந்தேன். அந்தப் பெண் டியூஷன் போயிருந்தது. கூட்டாளி என்னை உட்கார வைத்து, இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னான். இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பாவம் என்றுதான் நான் நினைத்தேன். மனசு கஷ்டப்படக் கூடாதே என்று, அவன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம் அத்தான், நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

கூட்டாளி என்னையே பார்த்தான்.

"அவர் அங்க இல்லடா. நீ வந்து உட்கார்ந்ததுல இருந்து உன் காலடியில மண்டி போட்டு உன் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கார். 'என் பொண்ணுகிட்ட நீயாவது சொல்லுப்பா'னு ஒரு மணி நேரமா கெஞ்சிக்கிட்டிருக்கார்."

நான் என் கையைக் குனிந்து பார்த்தேன். மடியில் சும்மா கிடந்தது. விரல் ஐந்தும் வெளுத்துப்போய், யாரோ இறுக்கிப் பிடித்தது போல ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டியிருந்தன.